விளக்கேற்றாத சீமாட்டி

பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் என்னை அழைத்துப் பொன்னாடை போர்த்தினீர்கள். வடசென்னையைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்று அறிமுகமும் செய்தீர்கள். நான் கண்டுபிடிப்பதற்கு முன்பும் வடசென்னை அங்கேதான் இருந்தது. மக்கள் அதில் குடியிருந்துகொண்டும் இருந்தார்கள். அதையாவது அன்று மேடையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்த முகம், நேரம் தவறாமை, முதியவர்களுக்கு முன் இருக்கை என்று ஏதேதோ பேசிவிட்டு இறங்கினேன். நீங்கள் எல்லோரும் கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தீர்கள். கைதட்டத் தயாராக இருப்பவர்கள் முன்னால் எனக்கு உண்மை வராது. அது என் பழைய வியாதி. அந்த வியாதியால் ஒரு பெண்ணுடைய கடை போயிற்று. அதைத்தான் சொல்ல வந்தேன், அதைத்தான் சொல்லாமல் வந்தேன். இப்போது எழுதுகிறேன்.

நான் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். வரலாற்றில் முதுகலை படித்தேன். சோழர் கல்வெட்டை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டதில்லை. அதெல்லாம் வரலாறு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தொழில் நகரத்தைச் சுற்றிக்காட்டும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது.

நம் சுற்றுலா வண்டியின் வழி உங்களுக்கு இப்போது மனப்பாடம் ஆகியிருக்கும். ராயபுரம் பழைய ரயில் நிலையத்தில் தொடங்குகிறோம். அங்கே இன்னும் ரயில் வருவதும் ஆட்கள் ஏறி இறங்குவதும் பயணிகளுக்குச் சிறிய ஏமாற்றம். தொன்மை என்றால் பாழடைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அடுத்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம். படகு வேண்டும், வலை வேண்டும், மீனவர் வேண்டும், மீன் வாசனை மட்டும் வேண்டாம். ஒருமுறை ஒரு குடும்பத் தலைவர், “காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடக் கூடாதா?” என்று கேட்டார். கடலைச் சொல்கிறாரா துறைமுகத்தைச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு திருவொற்றியூர்க் கோயில், புளியோதரை. கடைசியாக எண்ணூர் முகத்துவாரம். அந்தப் பக்கம் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வரிசையாக நிற்க, நடுவே சூரியன் இறங்கும். வானம் ஒரு வினோதமான சிவப்பில் இருக்கும். எல்லோரும் படம் எடுப்பார்கள். அந்த நிறம் எதனால் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு இளவரசிக் கதையைக் கட்டியிருப்பேன்.

இந்த இடங்களுக்கு நடுவே நாம் காட்டும் மிகப் பெரிய காட்சி ஒன்று உண்டு. அது எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. வண்டி அதில் சிக்கினால் எப்போது வெளியே வரும் என்று ஓட்டுநருக்கும் தெரியாது, லாரிக்காரருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் வழிகாட்டி பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நம் தொழிலில் எழுதாத விதி. பேச்சு நின்றால் பயணிகள் கைபேசியைப் பார்ப்பார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு நம்மைப் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொருவரும் கைவசம் சில கதைகள் வைத்திருப்போம். ‘ஜாம் கதை’ என்று எங்களுக்குள் பெயர். ஒருவர் கதையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். ஒரு டீ வாங்கிக்கொடுத்தால் போதும்.

அப்படி ஒரு நாள் வண்டி அசையாமல் நின்றது. என் கைவசம் இருந்த கதையெல்லாம் தீர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே, இடது பக்கம் சாலையோரமாக, வட்டமாக ஒரு செங்கல் கட்டடம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, உச்சி உடைந்து கிடந்தது. அதன் மேல் சாய்ந்தாற்போல் ஒரு டீக்கடை. முன் இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி, “அது என்ன சார்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கு எழுத்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், குரலைத் தாழ்த்தி, “அது ஒரு காதல் சின்னம்” என்றேன்.

பிறகு எல்லாம் தானாக வந்தது. ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தலைவன், அவன் இளம் மனைவி எலிசா. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் தினமும் மாலையில் அந்தக் கோபுரத்தில் ஏறி விளக்கேற்றினாள். கிழவியாகும் வரை ஏற்றினாள். “இறங்கிப் பார்த்தால் தெரியும், உள்சுவரெல்லாம் விளக்குக் கரி” என்றேன். கரி இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. லாரி வரிசை அசையவில்லை, அதனால் சிலர் உண்மையாகவே இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். கரி இருந்தது. கையில் ஒட்டிக்கொண்டு வந்து ஒருவருக்கொருவர் காட்டினார்கள். அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மை சொல்லும்போது ஒரு நாளும் எனக்கு அப்படி ஒரு ஆதாரம் கிடைத்ததில்லை.

ஓட்டுநர் மாணிக்கம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாசர்பாடிக்காரர். பயணிகள் இறங்கிய பிறகு கேட்டார்.

“இன்னா மாமு, புச்சா ஒரு வெள்ளக்காரிய இட்டாந்துட்ட?”

“சும்மா, நேரம் போகணுமில்ல.”

“அது எண்ணெ மில்லு பொகக்கூண்டு மாமு. இங்க கொயந்தைக்குக்கூடத் தெரியும். வெளக்காம், கரியாம்! நல்லா வுட்ட பீலா.”

நான் சிரித்தேன். மாணிக்கமும் சிரித்தார். அன்றோடு எலிசா செத்திருக்க வேண்டும். ஆனால் மற்ற வழிகாட்டிகள் அவளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அவளுக்கு வெள்ளை உடை கொடுத்தார். இன்னொருவர் தமிழ் கற்றுக்கொடுத்தார். யாரோ காணொளி போட்டார்கள். பிறகு பயணிகளே, “எலிசா கோபுரம் எப்போ வரும்?” என்று ராயபுரத்திலேயே கேட்க ஆரம்பித்தார்கள். வண்டி அங்கே நிற்பது வழக்கமாகிவிட்டது. புதுமணத் தம்பதிகள் கரியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் கணவர் வேலை பார்க்கும் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டினார்கள். கட்டுவதற்கு இடமில்லாததால் டீக்கடையின் மூங்கிலில் கட்டினார்கள்.

டீக்கடை பிலோமினாவுடையது. ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்து படுக்கையில். அந்தக் கடைதான் வீட்டை நடத்தியது. விடியற்காலையில் லாரிக்காரர்களுக்கு நாஸ்டா, பிறகு நாள் முழுவதும் டீ. எலிசா வந்த பிறகு நம் பயணிகளும் அங்கே குடித்தார்கள்.

“சாரே, இங்க வா” என்று ஒரு நாள் கூப்பிட்டார். “எங்க நைனா இந்த மில்லுல பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டுகினு இருந்தவரு. வூட்டுக்கு வந்தா பல்லு மட்டும்தான் வெள்ளையா தெரியும். இந்தக் கூண்டுல இருக்கிறது அவரு போட்ட கரி. அத்தப் போயி எவளோ வெளக்கு வச்சான்னு சொல்லிகினு கீறியே, நல்லாருக்கா?”

“கண்டுக்காதே பிலோமினா. உனக்கும் வியாபாரம் ஆகுதில்ல?”

“ஆவுது, ஆவுது. எங்க நைனா நெத்தியில ஒரு மூதேவியும் கை வச்சதில்ல. இப்போ அவரு கரிய எல்லாரும் நெத்தியில இட்டுகினு போறானுங்கோ. சிரிப்பா வருது சாரே.” சொல்லிவிட்டு எனக்கு டீ ஆற்றினார். இஞ்சி தட்டிப் போட்ட டீ.

வரலாறு படித்தவன் அந்த இடத்தில் விழித்திருக்க வேண்டும். ஒரு மில் இருந்தது, மூடப்பட்டது, இடிக்கப்பட்டது, புகைக்கூண்டின் அடி மட்டும் மிச்சம். அதன் நெருப்பை எரித்தவரின் மகள் அதே சுவரில் சாய்ந்து அடுப்பு மூட்டுகிறாள். தொழில் நகரத்தில் காட்டுவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அதைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு எலிசாதான் வரலாறாகத் தெரிந்தாள். பிலோமினா டீக்கடைக்காரராகத் தெரிந்தார்.

நம் சுற்றுலாத் துறை கடைசியில் விழித்துக்கொண்டது. துறை விழித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை நீங்களும் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். கோபுரத்தைச் சுற்றிக் கம்பி வேலி, புல்தரை, மாலையில் வண்ண விளக்கு, ஆங்கிலத்திலும் தமிழிலும் பலகை. உப்புக்காற்றில் புல் எப்படி வளரும் என்று யாரும் கேட்கவில்லை. சின்னத்தின் மேல் சாய்ந்து நிற்கும் கடை ஆக்கிரமிப்பு என்று ஒருவர் கண்டுபிடித்தார். மேலதிகாரி அம்மா நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்றார்கள்.

அந்தச் செய்தி என் மூலமாகத்தான் பிலோமினாவுக்குப் போயிற்று. அவர் அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

“சாரே, நீ ஒரு வார்த்த சொன்னா போதும். இது மில்லு கூண்டுன்னு சொல்லிடு. மில்லு கூண்டுக்கு எவன் வேலி போடப்போறான்?”

“சொல்றேன்.”

“டபாய்க்க மாட்டியே?”

“சொல்றேன்னு சொல்றேன்ல.”

“மாதா மேல பாரத்தப் போட்டுட்டு உன் மேலயும் கொஞ்சம் போடுறேன் சாரே.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லும்போது கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

நான் உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தேன். முதல் நாள் வீட்டில் கண்ணாடி முன் நின்று பயிற்சிகூட எடுத்தேன். ‘அம்மா, இதில் ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது.’ மரியாதையாகவும் இருந்தது, என்னைக் காட்டிக்கொடுக்காமலும் இருந்தது.

அதிகாரி அம்மா தனியாக வரவில்லை. வெளிநாட்டு விருந்தினர்கள் சிலரையும் அழைத்து வந்திருந்தார். எல்லோர் கையிலும் கைபேசி உயர்ந்திருந்தது. அக்கம்பக்கத்து ஜனம் கூடியிருந்தது. அதில் பிலோமினா முன்வரிசையில், நல்ல சேலை கட்டிக்கொண்டு. அதிகாரி அம்மா என் தோளைத் தொட்டு, “இவர்தான் இந்த இடத்தை ஆராய்ச்சி செய்தவர். இவரே சொல்லட்டும்” என்றார். ஆராய்ச்சி என்ற சொல் என் காதில் விழுந்தது. முப்பது வயதிலிருந்து யாராவது அதை என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவன் நான்.

எலிசாவைப் பற்றிச் சொன்னேன். முன்னெப்போதையும்விட நன்றாகச் சொன்னேன். அவள் கடைசி இரவில் புயல் அடித்தது என்று புதிதாக ஒன்றும் சேர்த்தேன். விருந்தினர்களில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

“சார்!” என்று பிலோமினா குரல் கொடுத்தார். “மில்லு சார். மில்ல சொல்லு!”

அதிகாரி அம்மா திரும்பிப் பார்த்தார். “என்ன சொல்றாங்க?”

“யம்மா, இது எண்ணெ மில்லு பொகக்கூண்டும்மா. எங்க நைனா இங்கதான் வேல செஞ்சாரு. யார வேணா கேளு. சாருக்கே தெரியும். கேளும்மா அவர.”

அதிகாரி அம்மா என்னைக் கேட்டார். நேராகக் கேட்டார். அவர் மேல் நான் எந்தக் குறையும் சொல்ல முடியாது. “இது மில்லுடைய புகைபோக்கியா?”

நண்பர்களே, நெருக்கடி என்றால் பேருந்து பழுதாவது, பயணி மயங்கி விழுவது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அதற்கெல்லாம் தொலைபேசி எண் இருக்கிறது. என் நெருக்கடி ஒரு மூச்சு விடும் நேரம்தான். ஆமாம் என்றால் நான் பொய்யன். இல்லை என்றால் அவள் பொய்க்காரி. நான் படித்தவனாயிற்றே, இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். சிரித்துக்கொண்டே, “இங்குள்ள மக்களிடையே அப்படி ஒரு செவிவழிக் கதை உண்டு” என்றேன்.

விருந்தினர்கள் அதையும் ரசித்தார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

பிலோமினா கத்தவில்லை. என்னைத் திட்டவில்லை. செவிவழிக் கதை என்றால் என்ன என்று பக்கத்தில் நின்ற மாணிக்கத்திடம் கேட்டார். மாணிக்கம், “உங்க நைனான்னு ஒருத்தரே இல்லன்னு சொல்றாரு” என்றார். சரியான மொழிபெயர்ப்பு. அதன் பிறகு மாணிக்கம் என்னை மாமு என்று அழைக்கவில்லை. ‘சார்’ என்றார். நான் ஓய்வு பெறும் வரை சார்தான்.

கடையை எடுத்துவிட்டார்கள். புல்தரை போட்டார்கள், காய்ந்தது, மறுபடி போட்டார்கள். பிலோமினா சாலைக்கு அந்தப் பக்கம், லாரிகள் திரும்பும் இடத்தில், நீலத் தார்ப்பாய் கட்டி அடுப்பு வைத்தார். நடுவில் சிமெண்ட் தடுப்பு. நம் வண்டி கோபுரத்தின் பக்கம் நிற்கும். பயணிகள் யாரும் தடுப்பைத் தாண்டி டீ குடிக்கப் போக மாட்டார்கள். லாரிக்காரர்களும் திருப்பத்தில் நிறுத்த முடியாது. போக்குவரத்துக் காவலர் அவ்வப்போது வந்து அடுப்பை நகர்த்தச் சொல்வார். நான் ஒலிவாங்கியில் எலிசாவைப் பற்றிப் பேசும்போது கண் மட்டும் அந்தப் பக்கம் போகும். வாய் நிற்காது.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இழக்க ஒன்றும் இல்லாதபோது வருவதைத் தைரியம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த இளம் அதிகாரி எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அது புகைபோக்கிதான்னு ஏதாவது ஆதாரம் இருக்கா சார்?”

“எலிசாவுக்கு என்ன ஆதாரம் இருந்தது?”

“அதுக்கு இருக்கே சார்.” கணினியைத் திருப்பிக் காட்டினார். நம் துறைக் குறிப்பு, அதற்கு ஒரு ஆய்வுக் கட்டுரை மேற்கோள், அந்தக் கட்டுரைக்கு ஒரு பேட்டி மேற்கோள். பேட்டி என்னுடையது.

“நானேதான் இல்லைன்னு சொல்றேனே!”

“சார், அப்போ நீங்க பொறுப்புல இருந்தீங்க. இப்போ…” அவர் நல்ல பிள்ளை, மீதியைச் சொல்லவில்லை. “அதுவுமில்லாம ஜனங்க கயிறு கட்டுறாங்க. நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். கைவைக்க முடியாது சார்.” டீ வரவழைத்தார். தெர்மாஸ் டீ. நான் குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயணியாகச் சீட்டு வாங்கி நம் வண்டியில் ஏறினேன். வழிகாட்டி உங்களில் ஒருவர், பயிற்சிக்காக அன்று ஒலிவாங்கி பிடித்தவர். பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் பொன்னாடை போர்த்துவதற்கு முன்பு அது, அதனால் என்னை அடையாளம் தெரியவில்லை. நன்றாகவே சொன்னார். எலிசாவுக்கு இப்போது ஒரு நாய் இருக்கிறது. அதுவும் கடலைப் பார்த்துக்கொண்டே செத்துப்போகிறது. பின் இருக்கையில் ஒரு குழந்தை அழுதது. கோபுரத்தருகே எல்லோரும் இறங்கினார்கள். நான் தடுப்பில் ஏறி, வயதுக்குத் தகாத விதமாக அந்தப் பக்கம் இறங்கினேன். ஒரு டிரெய்லர் ஓட்டுநர் என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

பிலோமினா என்னைப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தார்ப்பாயின் மேல் லாரிப் புழுதி.

“இன்னா சாரே, வழி தவறி வந்துட்டியா?”

மன்னிப்புக் கேட்டேன். நீளமாகக் கேட்டேன். உங்கள் அப்பா பெயரை அந்தப் பலகையில் ஏற்றாமல் விடமாட்டேன், பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“மன்னிப்பெல்லாம் கோயில்ல போயி கேளு. இங்க கேக்காத. எங்க நைனா செத்துட்டாரு. பலகையில பேரு போட்டா அவரு வந்து படிக்கப்போறாரா? அவருக்குப் படிக்கவும் தெரியாது. நீ ஒண்ணு செய்வியா?”

“சொல்லு.”

“எண்ணூரு போயிட்டு உங்க பஸ்ஸு இந்தப் பக்கமாத்தான் திரும்பி வருது. நிக்காம ஓடிப் போவுது. கொஞ்ச நேரம் இங்க நிறுத்தச் சொல்லு. எறங்கி டீ குடிக்கட்டும். அம்மாந்தான்.”

“நான் இப்போ வேலையில இல்ல பிலோமினா. என் கையில ஒண்ணுமில்ல.”

“பொய்யி சொல்ல மட்டும் எவன் கையில இருந்திச்சு சாரே?”

எனக்கு ஒரு டீ போட்டார். இஞ்சி இல்லை. முழுக் காசும் வாங்கிக்கொண்டார், மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை வேறு ஒருவரும் அந்தக் கடைக்கு வரவில்லை.

ஆகவே இதை எழுதுகிறேன். பயணி கேட்பது தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பயணி அதனால் செத்துப்போக மாட்டார். தெரிந்ததை யாராவது நேராகக் கேட்டால், உங்களைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் பதில் சொல்லுங்கள். இந்த இரண்டும் எனக்கு முடியவில்லை. உங்களுக்கு முடியலாம்.

எலிசாவைக் கொல்லச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. அவளுக்கு நாய் வேறு இருக்கிறது. கேட்பது வேறு. எண்ணூரிலிருந்து திரும்பும்போது, லாரிகள் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், ஓரமாக வண்டி நிற்க இடமிருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாணிக்கத்திடம் பேசினேன். இன்னும் ஒரு வருடம் அவருக்குப் பணி இருக்கிறது. நீங்கள் சொன்னால் நிறுத்துகிறேன் என்றார், நான் சொன்னால் மாட்டாராம். நீலத் தார்ப்பாய். இறக்கிவிடுங்கள், டீ குடிக்கட்டும். யாராவது சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி அது என்ன என்று கேட்டால், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். டீ போடும் அந்த அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம்.